மூன் கேக்டஸின் தண்டு அழுகுதா? ரப்பர் பேண்ட் இருந்தால் காப்பாற்றலாம்!

ஆபீஸ் மேசையில், ஜன்னல் ஓரத்தில், சின்னத் தொட்டியில் சிவப்பு உருண்டையோடு நிற்கும் ‘மூன் கேக்டஸ்’ செடியைப் பார்த்திருப்பீர்கள். நன்றாக இருந்த செடியில் திடீரென்று பச்சைத் தண்டு மட்டும் சுருங்கி அழுக ஆரம்பிக்கும். மேலே இருக்கும் உருண்டை அப்போதும் கும்முனு இருக்கும். ‘அதை வெட்டி மண்ணில் நட்டால் பிழைக்காதா?’ என்றால், பிழைக்காது.

ஏன் பிழைக்காது?

அது ஒரே செடி இல்லை, இரண்டு. சிவப்பு உருண்டை, ‘ஜிம்னோகேலிசியம்’ என்ற தென் அமெரிக்கக் கள்ளியின் பச்சையம் இல்லாத ரகம். பச்சையம் இல்லாததால் சொந்தமாக உணவு தயாரிக்க முடியாது. கீழே இருக்கும் முக்கோணத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழச் செடியின் இனம். அதுதான் மேலே இருப்பதற்குச் சோறு போடுகிறது. தண்டு போனால், உருண்டையை வேறொரு தண்டில் ஒட்டுக்கட்டுவதுதான் ஒரே வழி.

எப்படி வெட்டுவது?

புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, தண்டையும் உருண்டையையும் சமமாக வெட்டுங்கள். உருண்டையில் அழுகல் துளியும் இருக்கக் கூடாது. வெட்டிய இடத்தின் நடுவே மெல்லிய வளையம் ஒன்று தெரியும். நீரும் உணவும் போகும் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு வளையங்களும் ஓர் இடத்திலாவது தொட வேண்டும். தொடாவிட்டால் ஒட்டாது.

தண்டின் மேல் விளிம்பையும் சுற்றிலும் சாய்வாகச் சீவிவிடுங்கள். காயும்போது உள்சதை சுருங்கிக் கீழே இறங்கும், தோல் இறங்காது. சீவாவிட்டால், அந்தத் தோலே உருண்டையை மேலே தூக்கிவிடும். பல ஒட்டுகள் தோற்பது இங்கேதான்.

எதை வைத்துப் பிடிப்பது?

*ரப்பர் பேண்ட்:* உருண்டையை வைத்து லேசாகத் திருகி, நடுவில் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். மேலே சிறிது பஞ்சு வைத்து, தொட்டியின் அடியைச் சுற்றி இரண்டு பேண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். உருண்டை நகரவும் கூடாது, பேண்ட் சதையில் பள்ளம் போடவும் கூடாது. ஒரு பக்கம் மட்டும் இறுகினால் உருண்டை வழுக்கிவிடும்.

*நூலும் எடையும்:* தொட்டி பெரிதா? நூலின் இரு முனைகளிலும் ஒரே எடையுள்ள இரும்பு நட்டுகளைக் கட்டி, உருண்டையின் மேல் குறுக்காகத் தொங்கவிடலாம்.

*முள்:* ஒல்லியான கள்ளிகளைப் பிளந்து செருகும்போது, நீளமான கள்ளி முள்ளையே ஊசியாகக் குத்தி நிறுத்தலாம். துருப்பிடிக்காது.

*பாராஃபிலிம்:* விரல் நுனி அளவு நாற்றுகளுக்கு ரப்பர் பேண்டின் அழுத்தம் அதிகம். இழுத்தால் நீளும் இந்த மெல்லிய படலம் போதும்.

எத்தனை நாள்?

பொதுவாக 7 முதல் 10 நாள். அதுவரை நிழலில் வையுங்கள். வெட்டிய இடத்தில் தண்ணீர் படக் கூடாது. மழைக்கால ஈரத்தில் பூஞ்சை வரும் என்பதால், காய்ந்த வானிலையில் செய்வது நல்லது. வெயிலில் ரப்பர் பேண்ட் இற்று அறுந்துவிடும், தினமும் ஒருமுறை பாருங்கள்.

பேண்டைக் கழற்றியதும் உருண்டை கையோடு வந்துவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகச் சீவி, அப்போதே மறுபடியும் கட்டுங்கள். சதை பச்சையாக இருக்கும்வரை இன்னொரு வாய்ப்பு உண்டு.