பன்னிரண்டு ஆண்டு பொறுத்த பேராசிரியர்

1991 ஜூலை 3, புதன்கிழமை. காலை ஒன்பதரை மணிவாக்கில் டெல்லியிலிருந்து பம்பாய் ரிசர்வ் வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் நிதியமைச்சர் மன்மோகன் சிங். பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எடுத்தவர் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சி. ரங்கராஜன். ரூபாயின் மதிப்பைக் குறைக்கும் முதல் தவணை ஜூலை 1 அன்றே முடிந்திருந்தது. இரண்டாம் தவணைக்குக் குறித்திருந்த நாள் அந்தப் புதன்கிழமை. முதல் தவணைக்கே எதிர்ப்புக் கிளம்பியதால் பிரதமர் நரசிம்ம ராவுக்குத் தயக்கம். இரண்டாவதை நிறுத்திவைக்க முடியுமா என்று அமைச்சர் விசாரித்தார். ஒன்பது மணிக்கே அறிவித்தாயிற்று என்று பதில் வந்தது.

அந்த நடவடிக்கைக்கு அவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த ரகசியப் பெயர் ‘ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்’, அதாவது மும்முறைத் தாண்டல். அரை மணி நேரத்தில் தாண்டல் கைமீறிப் போன இந்தக் கதையை ஜெய்ராம் ரமேஷ் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். பிரதமரின் பயத்திலும் நியாயம் இருந்தது. 1966 ஜூனில் இந்திரா காந்தி ரூபாயின் மதிப்பை ஒரே வெட்டாகக் குறைத்துவிட்டு வாங்கிய வசவு டெல்லிக்கு மறந்திருக்கவில்லை. ஆனால் 1991இல் கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் தாங்கும். அதே ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் 40 கோடி டாலர் சொச்சம் கடன் வாங்கியது. இரண்டாம் தவணை முடிந்துபோனதில் மன்மோகன் சிங் உள்ளூர வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

அந்தத் தொலைபேசியின் இரு முனையிலும் இருந்தவர்கள் முன்னாள் பேராசிரியர்கள். மன்மோகன் சிங் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1971இல் வர்த்தக அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகராகி அரசுக்குள் வந்தார். அவர் கதையை நாடே அறியும். ரங்கராஜன் கதை அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. ஆனால், படித்த படிப்பு அரசு எந்திரத்துக்குள் போனால் எந்த வேகத்தில் நகரும் என்று பார்க்க அவர் வாழ்க்கைதான் நல்ல உதாரணம்.

1932இல் அரியலூரில் பிறந்தவர். திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் என்று படித்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1964இல் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயும் கற்பித்தார். ஊர் திரும்பி ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பத்தாண்டுகளுக்கும் மேல் பேராசிரியராக இருந்தார். ஐஏஎஸ் எழுதவில்லை, எந்த அமைச்சகத்தின் படிக்கட்டிலும் கீழிருந்து ஏறவில்லை. 1982 பிப்ரவரியில் நேராக ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் நாற்காலி. அப்போது ஆளுநராக இருந்தவர் ஐ.ஜி. படேல். அவர் அதே ஆண்டு பதவிக்காலம் முடிந்து, ஆமதாபாத் மேலாண்மைக் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். ஒரே ஆண்டில் அங்கிருந்து ஒருவர் இங்கே, இங்கிருந்து ஒருவர் அங்கே. வகுப்பறைக்கும் அரசுக்கும் இடையில் அந்தக் காலத்தில் இருந்த கதவு இருபக்கமும் திறந்தது. இப்போது பெரும்பாலும் வாஷிங்டன் பக்கம்தான் திறக்கிறது என்பது வேறு விஷயம்.

புதிதாக வந்த பேராசிரியருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, வங்கிகளை எந்திரமயமாக்குவது எப்படி என்று ஆராயும் குழுவின் தலைமை. அன்றைய வங்கிக் கிளையை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும்: பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும்; தலையணை கனத்தில் லெட்ஜர் மேசைக்கு மேசை நகரும். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஊழியர் சங்கங்கள் எதிர்த்த நேரம். 1984இல் வந்த அறிக்கை, ஒரேயடியாகப் புரட்டிப்போடச் சொல்லாமல் கிளை, வட்டார அலுவலகம், தலைமையகம் என்று அடுக்கடுக்காகப் போகச் சொன்னது. 1980களின் கடைசியில் இன்னொரு குழு, அதற்கும் அவரே தலைவர், அடுத்த கட்டத்தை வகுத்தது. வீட்டில் காசோலைப் புத்தகம் இருந்தால் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பட்டையில் கோணல்மாணலான கறுப்பு எண்கள் இருக்கும். காந்த மையில் அச்சான எண்கள் அவை. அதில் ஒன்பது இலக்கத் தொகுதி ஒன்றில் முதல் மூன்று ஊரைச் சொல்லும், அடுத்த மூன்று வங்கியை, கடைசி மூன்று கிளையை. சென்னைக் காசோலை என்றால் 600 என்று தொடங்கும். பெருநகரங்களில் காசோலைகளை எந்திரம் பிரித்துப்போட வழிசெய்த அந்தப் பட்டை, 1984 அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று.

ஆனால் அவருடைய பெயர் நிற்கப்போவது இதனால் அல்ல. வெளியே யாரும் கவனிக்காத ஒரு கணக்கு நடைமுறையை நிறுத்தியதால்.

மத்திய அரசுக்கு ரிசர்வ் வங்கியில் ஒரு கணக்கு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அதில் குறைந்தது 50 கோடி ரூபாய் இருக்க வேண்டும், மற்ற நாட்களில் 4 கோடி இருந்தால் போதும் என்பது ஏற்பாடு. இருப்பு அதற்குக் கீழே போனால் என்ன ஆகும்? நம் கணக்கில் போனால் வங்கி அபராதம் போடும். அரசின் கணக்கில் போனால், ரிசர்வ் வங்கி தானாகவே அரசின் பெயரில் 91 நாள் கருவூல உண்டியல் ஒன்றை உருவாக்கித் தானே வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்கும். ‘அட்ஹாக்’ என்று பெயர். 1955இல் இரு தரப்புக்கும் இடையே கடிதம் மூலம் ஏற்பட்ட ஏற்பாடு அது. கைமாற்று மாதிரித் தொடங்கியது, பிறகு நிரந்தரக் கடனாகவே ஆகிவிட்டது. 91 நாள் முடிந்ததும் பழைய உண்டியலுக்குப் பதில் புதிய உண்டியல். வட்டி 4.6 சதவீதம், 1974க்குப் பிறகு அதில் மாற்றமே இல்லை. உச்சவரம்பு இல்லை. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை. பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவு புதுப் பணம். அது சந்தைக்கு வந்து விலைவாசியில் ஏறி உட்காரும். 1991 ஆகஸ்டில் மொத்த விலைப் பணவீக்கம் 17 சதவீதத்தை நெருங்கியதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று.

பொருளாதாரம் படித்த மாணவனுக்குக்கூட இதில் உள்ள கோளாறு தெரியும். தெரிவதும் நிறுத்துவதும் ஒன்றா? மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, 1982 டிசம்பரில், பணக் கொள்கையை ஆராய சுகமய் சக்ரவர்த்தி தலைமையில் ஒரு குழு போட்டார். ரங்கராஜன் அதில் உறுப்பினர். 1985 ஏப்ரலில் வந்த அறிக்கை, பண அளிப்பின் வளர்ச்சிக்கு ஓர் இலக்கு வைக்க வேண்டும், அதை அரசும் ரிசர்வ் வங்கியும் சேர்ந்து மதிக்க வேண்டும் என்றது. அரசு கேட்டுக்கொண்டது. உண்டியல்களும் தொடர்ந்தன.

1992 டிசம்பரில் ரங்கராஜன் ஆளுநரானார். அடுத்த செப்டம்பரில் கொல்கத்தாவில் எம்.ஜி. குட்டி நினைவுச் சொற்பொழிவு. தலைப்பு, மத்திய வங்கியின் தன்னாட்சி. பதவியில் இருக்கும் ஆளுநர், தனக்குச் சம்பளம் தரும் அரசு தன் வங்கியைப் பணம் அச்சடிக்கும் அச்சகமாக நடத்துகிறது என்ற பொருள்பட மேடையேறிப் பேசுவது சாதாரணக் காரியமில்லை. குரலை உயர்த்தவில்லை. வகுப்பெடுப்பது போலத்தான் பேசினார். எதிரே நிதியமைச்சர் நாற்காலியில் இருந்தவர் அதே பாடத்தை அதே புத்தகங்களில் படித்தவர் என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

1994 செப்டம்பர் 9 அன்று அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் போட்டன. உடனடியாக நிறுத்தம் கிடையாது. முதல் ஆண்டு முடிவில் நிகர அட்ஹாக் 6,000 கோடியைத் தாண்டக் கூடாது. ஆண்டின் நடுவில் 9,000 கோடியைத் தாண்டினாலும் தொடர்ந்து பத்து வேலை நாளுக்கு மேல் அப்படி நீடிக்கக் கூடாது. மூன்று ஆண்டில் அடியோடு ஒழிய வேண்டும். இடையில் ஆட்சி மாறியது. புது நிதியமைச்சர் ப. சிதம்பரம் ஒப்பந்தத்தைக் கிடப்பில் போட்டிருக்கலாம், போடவில்லை. 1997 ஏப்ரல் 1 முதல் அட்ஹாக் உண்டியல் வழக்கொழிந்து, வரம்புக்கு உட்பட்ட வழிவகை முன்பணம் வந்தது. அறிக்கை வந்த 1985 ஏப்ரலிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு ஆண்டு. பின்னால் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் இன்னொரு பூட்டும் போட்டது: 2006 ஏப்ரலிலிருந்து அரசுக் கடன்பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக அரசிடமிருந்து வாங்க முடியாது. 2020 கொரோனா காலத்தில், நோட்டடித்துச் செலவு செய்தால் என்ன என்று பலரும் கேட்டபோது அந்தப் பூட்டுதான் குறுக்கே நின்றது. விதிவிலக்குக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தும் அரசு அந்தப் பக்கம் போகவில்லை.

ஆளுநராக அவர் செய்த மற்றவை பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. 1993 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நடப்புக் கணக்கில் ரூபாயை மாற்றிக்கொள்ளத் தடை நீங்கியது. புதிய தனியார் வங்கிகளுக்குக் கதவு திறந்தது. மாற்று விகிதம் சந்தைக்குப் போய்விட்டது என்றார்களே தவிர, இரண்டாண்டுக்கும் மேல் டாலர் 31 ரூபாய் 37 காசிலேயே அசையாமல் நின்றதை விமர்சகர்கள் குத்திக்காட்டாமல் விடவில்லை. வந்து குவிந்த டாலரை ரிசர்வ் வங்கியே வாங்கிக்கொண்டிருந்தது. 1995, 96இல் வட்டி ஏறித் தொழில்கள் திணறியதையும், நிதி நிறுவனங்கள் மளமளவென்று கவிழ்ந்து சிறு சேமிப்பாளர்கள் தெருவுக்கு வந்ததையும் அவர் காலத்துக் கணக்கில்தான் எழுத வேண்டும். நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் 1997 தொடக்கத்தில்தான் முழுதாக ரிசர்வ் வங்கியின் கைக்கு வந்தது. பணம் போட்டவர்களுக்கு அது தாமதமான செய்தி.

1997 நவம்பரில் ரிசர்வ் வங்கியிலிருந்து இறங்கிய கையோடு ஆந்திரத்தின் ஆளுநர். இங்கே ஒரு சுவாரசியமான இடைச்செருகல். 2001 ஜூலையில் தமிழக ஆளுநர் பாத்திமா பீவி விலகியதும் அந்தப் பொறுப்பும் ரங்கராஜனிடம் வந்தது. செப்டம்பர் 21 அன்று ஜெயலலிதா முதல்வரானது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று இரவே ஓ. பன்னீர்செல்வத்துக்கு முதன்முறையாகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் இந்தப் பணக் கொள்கைப் பேராசிரியர்தான். அரசுப் பணிக்குள் போகிற அறிஞர் எதற்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று ஆமதாபாத் வகுப்பறையில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பிறகு பன்னிரண்டாவது நிதிக்குழுவின் தலைவர், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவின் தலைவர், நடுவில் சிறிது காலம் மாநிலங்களவை உறுப்பினர். இந்தக் கட்டத்தில்தான் அவருக்குச் சறுக்கல்கள் வந்தன. ரிசர்வ் வங்கியில் அவர் கோப்பு இருவருக்கு இடையில் ஓடியது. இங்கே கோப்பு தெருவுக்கு வந்தது.

வறுமைக் கோட்டை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குக் கிராமத்தில் 26 ரூபாய், நகரத்தில் 32 ரூபாய் செலவழிப்பவர் ஏழை அல்ல என்று 2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்போக, நாடு கொதித்தது. கோட்டைத் திருத்த 2012இல் ரங்கராஜன் குழு அமைந்தது. கலோரி, புரதம், கொழுப்பு, வாடகை, படிப்பு, பஸ் செலவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டி 2014இல் அவர்கள் வந்து சேர்ந்த எண், கிராமத்தில் 32, நகரத்தில் 47. ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 4,860, நகரமானால் 7,035 என்று குழு சொன்ன கணக்கை யாரும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் ஓடியது 32உம் 47உம்தான். இத்தனைக்கும் பழைய கணக்கில் 21.9 சதவீதமாக இருந்த ஏழைகள் புதுக் கணக்கில் 29.5 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். ஏழைகளைக் குறைத்துக் காட்டிய அறிக்கை அல்ல அது. அறிக்கை கைக்கு வந்தபோது டெல்லியில் ஆட்சி மாறியிருந்தது. புது அரசு அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இயற்கை எரிவாயு விலைக்கு அவர் குழு தந்த சூத்திரத்தின் கதி இன்னும் மோசம். 4.2 டாலராக இருந்த விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருக்கும் அந்தச் சூத்திரத்தை 2013இல் அமைச்சரவை ஏற்றது. அமலுக்கு வரும் முன்பே தேர்தலில் சிக்கி, அடுத்த அரசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிக்கு ரங்கராஜன் என்றால் நினைவுக்கு வருவது கரன்சி நோட்டுக் கையெழுத்து அல்ல, ‘ரங்கராஜன் கமிட்டி’. சர்க்கரைத் தொழில் பற்றி 2012 அக்டோபரில் அந்தக் கமிட்டி தந்த அறிக்கையின்படி, ரேஷனுக்காக ஆலைகளிடமிருந்து மலிவு விலையில் எடுத்த லெவி சர்க்கரை அடுத்த ஆண்டே நின்றது. ஆலைகளுக்குக் கொண்டாட்டம். மாநில அரசு பரிந்துரை விலை அறிவிப்பதை விட்டுவிட்டு, சர்க்கரையும் உபபொருட்களும் விற்ற வருவாயில் 70 சதவீதத்தை விவசாயிக்குக் கொடுங்கள் என்றது இன்னொரு பரிந்துரை. தமிழ்நாடு 2018இல் அதை வருவாய் பங்கீட்டு முறை என்ற பெயரில் சட்டமாக்கியது. பரிந்துரை விலையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று விவசாயச் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. ஆலையின் வருவாய்க் கணக்கை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது என்பது அவர்கள் கேள்வி. பிறகு வந்த வேளாண் பட்ஜெட்களில் டன்னுக்கு இவ்வளவு என்று சிறப்பு ஊக்கத்தொகையை அறிவித்து, மத்திய அரசின் விலைக்கு மேல் ஒரு தொகையை மாநில அரசே கொடுத்துவருகிறது.