ஒவ்வொரு திங்கட்கிழமையும் வராத பிள்ளை

2023 மார்ச் 13. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், மொழித்தாள். தமிழ்நாடு முழுக்க 50,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்வு எழுத வரவில்லை. மறுநாள் அதுதான் தலைப்புச் செய்தி. விவகாரம் சட்டமன்றம் வரை போனது. 2021இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி 'ஆல் பாஸ்' ஆன அணி அது. வராதவர்களில் பலர் வெகு காலமாகவே வகுப்புப் பக்கம் வந்திருக்கவில்லை. பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது, ஹால் டிக்கெட்டும் தயாரானது.

இத்தனை பேர் ஒரே நாளில் காணாமல் போக முடியாது. வாரம் ஒரு நாள், மாதம் நான்கு நாள் என்று நழுவித்தான் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு முழுதாகப் போகிறது. நாம் வருகையைக் கணக்கெடுக்கும் முறைக்கு அந்த நழுவல் கண்ணில் படுவதில்லை. ஆபத்து அங்கே இருக்கிறது.

முதலில் சட்டத்தின் கணக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து 45 நாட்களோ அதற்கு மேலோ வராத குழந்தையைப் 'பள்ளி செல்லாக் குழந்தை' என்று மத்திய அரசின் வரையறை சொல்கிறது. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது மேல்வகுப்புகளில் எல்லோரும் அறிந்த அளவுகோல். இப்போது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் மட்டம் போடும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 220 நாள் என்பது 44 வாரம். அவன் விடுவது 44 நாள். வருகை 80 சதவீதம். 75ஐத் தாண்டிவிட்டான். தொடர்ந்து 45 நாள் என்ற கோட்டுக்கு அருகில்கூட அவன் வரவில்லை. எந்த அறிக்கையிலும் அவன் பெயர் வராது.

ஆனால் ஆறாம் வகுப்பில் பின்னங்களின் பகுதியைச் சமப்படுத்தும் பாடம் திங்களன்று நடந்தால், செவ்வாயன்று நடக்கும் கூட்டல் அவனுக்குப் புரியாது. புதனன்று கழித்தலும் புரியாது. விட்டது ஒரு நாள், கெட்டது மூன்று நாள். புரியாத வகுப்பில் உட்கார யாருக்கும் பிடிக்காது. அடுத்த வாரம் செவ்வாயும் விடுவான்.

அடுத்தது வகுப்பின் சதவீதம். 40 பேர் உள்ள வகுப்பில், 20 நாள் நடந்த ஒரு மாதத்தில் 90 சதவீத வருகை என்றால் தலைமை ஆசிரியருக்குத் திருப்தி. அந்த 90க்கு இரண்டு அர்த்தம் உண்டு. நாற்பது பேரும் ஆளுக்கு இரண்டு நாள் விட்டிருக்கலாம். அல்லது 36 பேர் ஒரு நாள்கூட விடாமல் வந்திருக்க, நான்கு பேர் மாதம் முழுக்க வராமலே இருந்திருக்கலாம். முதலாவது காய்ச்சல் காலம். இரண்டாவது இடைநிற்றல். எண் இரண்டுக்கும் ஒன்றே.

இதனால்தான் பல நாடுகள் பிள்ளைவாரியாக நாள் எண்ணுகின்றன. ஜப்பானில் ஆண்டுக்கு 30 நாள் வராவிட்டால் தனிப் பட்டியலுக்குப் போகும். அமெரிக்காவும் இங்கிலாந்தும் 10 சதவீதத்தை எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் அந்தக் கோட்டைத் தாண்டிய மாணவர்கள் 2018-19இல் சுமார் 15 சதவீதம். கொரோனாவுக்குப் பின் 2021-22இல் சுமார் 28 சதவீதம். நம் 220 நாளுக்கு அதே கோட்டைப் போட்டால் 22 நாள், மாதத்துக்கு இரண்டு நாள்தான். திங்கட்கிழமைப் பிள்ளை அதைப் போல் இரு மடங்கு விடுகிறான்.

மதுரையை அடுத்த திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் இந்த நழுவலுக்குத் தனி நாள்காட்டியே போடலாம். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் முகூர்த்த நாளில் கோயிலிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் கல்யாணக் கூட்டம். முகூர்த்தம் பெரும்பாலும் செவ்வாய், சனியைத் தவிர்த்து வைக்கப்படுவது. அதாவது பள்ளி நாட்களில் விழுவது. சொந்தக்காரக் கல்யாணம் என்றால் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் தாலி கட்டு, அதற்கடுத்த நாள் தூக்கம். பந்தி பரிமாற, இலை எடுக்க ஆள் தேடும் கேட்டரிங்காரர்களுக்குப் பள்ளிப் பையன்கள் சுலபமாகக் கிடைப்பார்கள்; கையில் அன்றைக்கே காசு. 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம் அல்லது இரண்டும் என்பது 2016 திருத்தத்துக்குப் பிறகான சட்டம்.

இன்னொன்று மல்லிகை. மதுரை மல்லி விளையும் வட்டாரங்களில் திருப்பரங்குன்றமும் ஒன்று. மொட்டு விரியும் முன் பறித்தாக வேண்டும். வெயில் ஏறும் முன் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போயாக வேண்டும். விடியுமுன் செடிக்கு நடுவே குனிந்து நின்ற பிள்ளை, பதினோரு மணிக்குப் பின்வரிசையில் தலை சாய்த்துத் தூங்கும். பதிவேட்டில் அதுவும் 'வருகை'. குடும்பத் தொழிலில் உதவலாம் என்று சட்டம் இடம் தருகிறது, ஆனால் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில்தான். மாசி, பங்குனியில் பூ வரத்து கூடத் தொடங்கும் நேரம்தான் பள்ளியில் தேர்வு நேரம்.

வீட்டிலிருந்து வரும் பதில்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "வயித்து வலி டீச்சர்." "ஊருக்குப் போயிருக்கான் டீச்சர்." இரண்டு தடவை கேட்டால் நம்பலாம். ஒவ்வொரு வளர்பிறை முகூர்த்தத்துக்கும் வயிறு வலித்தால் நாள்காட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சாப்பாடு பிள்ளைகளை வரவழைக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை மாநகராட்சித் தொடக்கப்பள்ளி ஒன்றில்தான் தொடங்கியது. அதன்பின் தொடக்க வகுப்புகளில் வருகை கூடியது. ஆனால் அந்தக் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிள்ளைக்குக் கூலி கிடைக்கும் வயது அதற்குப் பிறகு வருகிறது. 2023-24 கணக்குப்படி தமிழ்நாட்டில் 9, 10ஆம் வகுப்பு இடைநிற்றல் 7.7 சதவீதம். அகில இந்திய அளவான 14.1ஐ விடக் குறைவு என்று ஆறுதல் கொள்ளலாம். பதிமூன்றில் ஒரு பிள்ளை என்று படித்தால் ஆறுதல் குறையும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தாமதம் இன்னும் கொடிது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி தொடர்ந்து ஒரு வாரம் வராவிட்டால், 'உடம்பு சரியில்லை' என்று எழுதி மூடாமல் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதே முறை. கல்யாணச் சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

பள்ளி ஏன் சத்தம் போடுவதில்லை? எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. நல்ல விதிதான். அதே சமயம், ஆகஸ்ட் 1 அன்று பட்டியலில் உள்ள தலைகளை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. பெயர்கள் குறைந்தால் பணியிடம் உபரி, பிறகு பணிநிரவல். வராத பிள்ளையின் பெயர் பட்டியலில் இருப்பது யாருக்கும் உடனடி நஷ்டம் இல்லை, அந்தப் பிள்ளையைத் தவிர.

செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. ஜூனில் பள்ளி திறந்தால் ஜூலை முடிவுக்குள் சுமார் 40 வேலை நாள் ஓடியிருக்கும். நான்கு நாள் விட்டவர்கள் யார் யார் என்று வகுப்பாசிரியர் தனிப் பட்டியல் எடுக்கட்டும். விட்ட தேதிக்கு எதிரே கிழமையையும், முகூர்த்தமா திருவிழாவா என்பதையும் எழுதட்டும். காரணம் பாதி அங்கேயே தெரிந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். வகுப்புச் சதவீதத்தை வாசித்துக் கையெழுத்து வாங்கும் கூட்டத்தில், அந்தப் பட்டியலைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வழி தெரியாத பெற்றோர் கல்வி உதவி எண் 14417ஐ அழைக்கலாம்.

இரண்டு ஆண்டு விட்ட பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர வீடு வீடாகக் கணக்கெடுப்பும், வயதுக்கேற்ற வகுப்பும், சிறப்புப் பயிற்சியும் வேண்டும். அப்படியும் பலர் திரும்புவதில்லை. நான்கு நாள் விட்ட பிள்ளைக்கு ஒரு போன், ஒரு முறை வீட்டுக்குப் போய் வருவது போதும்.