தலைநகராய் இருந்த சிற்றூர்

கொள்ளிடத்திற்கு வடக்கே, அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் அமைந்த சிற்றூர் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை செலுத்திய வெற்றியின் நினைவாக முதலாம் இராசேந்திரன் எழுப்பிய இந்நகர், ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கிற்று.

அவன் கட்டிய கோயில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. அரண்மனையோ மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாக மட்டுமே எஞ்சியுள்ளது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகக் கோயிலின் சுற்றுமதிற் கற்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. மன்னனின் மதில் உழவரின் வயலுக்கு நீர் தேக்கும் அணையாயிற்று.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இம்மாவட்ட மக்கள் 7,54,894 பேர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் கிராமவாசிகள். கோயிலைக் கண்டு திரும்புமுன், மாளிகைமேட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு பேரரசின் எச்சம் எவ்வளவு என்பதை அச்செங்கற்கள் உரைக்கும்.