கலத்தின் தன்சமிபாடும் தாவர மருந்துகளும்

நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலைத் தாவரவியற் பூங்கா 1861ஆம் ஆண்டிற் சிங்கோனாச் செய்கையின் பொருட்டுத் தொடங்கப்பெற்றது. கோப்பியை இலைத்துருநோய் அழித்தபோது தோட்டத் துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். அதன் விலை வீழவே தேயிலைக்கு மாறினர். சிங்கோனாப் பட்டை தந்த மலேரியா மருந்து குயினைன். அதற்கு மாற்றீடு தேடிய ஆய்வுகளின் வழியே 1934இல் ஜெர்மனியில் ஆக்கப்பட்டது குளோரோக்குயின். மலேரியா மருந்தாகிய இது இன்று புற்றுநோய் ஆய்விலும் இடம்பெறுவதேன்? விடை, கலத்தின் தன்சமிபாட்டில் உள்ளது.

கலம் தன் பழுதுற்ற பகுதிகளை இரட்டை மென்சவ்வினாற் பொதிந்து, நொதியங்கள் நிறைந்த இலைசோசோமுடன் சேர்த்துச் செரித்துக்கொள்கிறது. இச்செயலுக்கு 1963இற் பெயரிட்டவர் கிறிஸ்தியான் டி டூவ். இதன் பொறிமுறையை மதுவக் கலங்களில் விளக்கிய யொஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். உணவு குன்றிய வேளையிற் கலம் உயிர்தரிப்பதும் இதனாலேயே.

ஆயின், காக்கும் செயலே கொல்லும் செயலாகவும் மாறலாம். கஞ்சாச் செடியின் டெட்ராஹைட்ரோகன்னாபினோல் பற்றி மட்ரிட் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. அப்பொருள் மூளைப்புற்றுக் கலங்களிற் செரமைடு என்னும் கொழுப்பைப் பெருக்குகிறது. அகமுதலுருச் சிறுவலை நெருக்கடிக்குள்ளாகிறது. வளர்ச்சியைத் தூண்டி, தன்சமிபாட்டை அடக்கிவைக்கும் எம்ரோர் என்னும் புரதம் தடைப்படுகிறது. தடை நீங்கவே தன்சமிபாடு மூண்டு, கலத்தை மரணத்திற்கு இட்டுச்செல்கிறது. எனினும், இவ்வாய்வில் மனிதரிடமிருந்து கிடைத்த சான்று இரு நோயாளரின் கட்டி மாதிரிகள் மாத்திரமே.

குளோரோக்குயினின் வழி இதற்கு நேரெதிரானது. குருதி வளம் குன்றிய கட்டியின் உட்பகுதியிற் புற்றுக்கலங்கள் தன்சமிபாட்டினாலேயே பிழைத்திருக்கக்கூடும். குளோரோக்குயின் இலைசோசோமிற் குவிந்து, அச்செயலின் இறுதிப் படியைத் தடுத்து, அப்பிழைப்பு வழியை அடைக்க முயல்கிறது. ஒன்று தூண்டுகிறது, மற்றொன்று தடுக்கிறது; எது நன்மை தருமென்பது கலத்தின் வகையையும் நோயின் நிலையையும் பொறுத்தது.

ஆகவே, ஆய்வுகூடத் தட்டிற் கண்டதைக் கைமருந்தாகக் கொள்ளுதல் தகாது. தன்சமிபாட்டைத் தூண்டும் மூலிகையொன்று புற்றுக்கலத்திற்கே உணவளித்துவிடவும் கூடும். அன்று சிங்கோனாப் பட்டையை உரித்து உலர்த்தியவர் மலையகத் தொழிலாளர். மூலிகையின் பெயரால் வரும் விளம்பரங்களை எடைபோடும் அறிவு அவர்தம் வழியினருக்குத் தமிழிற் கிட்டச் செய்தல் நம் கடனாகும்.