மக்கும் மரத்தில் தோன்றும் கிண்ணக் காளான்கள்

கொல்லிமலையைச் சார்ந்த அரியூர் நாட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்கள் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குத் தாங்கலாகவும் நிற்கின்றன. கவாத்தில் வெட்டிய கிளைகள் மழையில் ஊறி மக்குங்கால், அவற்றின்மேல் கடுகளவும் மிளகளவுமான சிறு கிண்ணங்கள் முளைத்தல் உண்டு. இவற்றைக் கண்ட குடியானவர், தோட்டத்தில் வியாதி புகுந்ததென அஞ்சி மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கித் தெளிக்க முற்படின், அது வீண் செலவேயாகும்.

இவை கிண்ணக் காளான்கள் எனப்படும். குடைக்காளானின் வித்துக்கள் குடையின் அடிப்புறத்து மடிப்புகளில் உண்டாகின்றன. கிண்ணக் காளானிலோ, உட்புறத்தில் நெருங்கி நிற்கும் நுண்ணிய பைகளில், பெரும்பாலும் பைக்கு 8 வீதம் உண்டாகின்றன. முதிர்ந்த கிண்ணத்தின்மேல் மூச்சுக்காற்றுப் பட்டால், சில சமயம் வித்துக்கள் புகைபோல் எழும்.

அடையாளம் அறிய, 10 மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். ஈரமலைகளில் காணத்தக்க சில இனங்களின் குறிகள் வருமாறு:

1. லாக்னம்: ஓரிரு மில்லிமீட்டர் அகலம், வெளிப்புறமெங்கும் மெல்லிய மயிர்.

2. ஆர்பிலியா: காம்பில்லை, மெழுகுபோல் ஒளி ஊடுருவும் சிறு தட்டு.

3. ஸ்கூட்டெலினியா: சிவந்த தட்டு, விளிம்பில் கண்ணிமை போன்ற கரிய மயிர்.

4. குக்கீனா: இவற்றினும் பெரியது; காம்புள்ள இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கிண்ணம்.

கிண்ணத்தினுள் சிறு முட்டைகள் போன்றவை கிடப்பின், அது பறவைக்கூட்டுக் காளான், இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. நிறத்தை மட்டும் கொண்டு பெயரிடலாகாது. உட்பிரிவை உறுதிசெய்ய நுண்ணோக்கி இன்றியமையாதது.

மேற்கூறியவை பட்ட மரத்தை உண்டு மண்ணுக்கு உரமாக்குவன. உயிருள்ள செடிக்குப் பகையல்ல. அஞ்சத்தக்கவை வேறு. காப்பிச் செடி வாடி, அதன் வேரில் மண்ணும் கல்லும் கழுவினாலும் போகாதபடி ஒட்டியிருப்பின், அது பழுப்பு வேர் நோய். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வேர்வழியே அது பரவும். ஆதலின் கட்டையை வேருடன் அகழ்ந்து எரித்தல் வேண்டும். மேலும், எலிப்புழுக்கை போன்ற கரிய மணியினின்று பழுப்புக் கிண்ணம் மண்ணில் எழுந்தால், அது ஸ்க்ளெரோட்டினியா. பீன்ஸ் முதலிய காய்கறிகளை அழுகச் செய்வது.

ஐயமுற்றோர், மரத்துண்டுடன் கிண்ணத்தை எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையிலிட்டு, மரத்தின் பெயர், இடம், தேதி குறித்து வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம். கிண்ணம் முளைத்திருப்பது பட்ட மரத்திலா, மண்ணிலா என்று பார்த்த பின்னரே மருந்துக்குப் பணம் எடுத்தல் நலம்.