ஆழம் தரும் சாய்வு

மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல் என்றும் வகுத்த நம் முன்னோர், தேனெடுத்தலையும் தினை காத்தலையும் முன்னதற்கும், மீன் பிடித்தலையும் உப்பு விளைத்தலையும் பின்னதற்கும் உரிய தொழில்களாக வைத்தனர். ஒரு நிலத்துக்குரியது மற்றொரு நிலத்திற் சென்று கலப்பதைத் திணைமயக்கம் என்றனர். அம்மயக்கத்தைக் கண்ணாரக் காண விரும்புவோர் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வருதல் வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்தால் கண்ணிற்படும் தூரத்தில், தேயிலைச் சரிவின் அடியில், அகன்ற நீர்ப்பரப்பும் தோணியும் வலையும் இருக்கின்றன.

இம்மயக்கம் இயற்கை செய்ததன்று, மனிதர் செய்தது. மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார். 1950இல் பழைய லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு நீரைத் திருப்பும்பொருட்டு நோட்டனில் கெஹெல்கமு ஓயாவின் குறுக்கே அணை எழுந்தது. 1965இல் அதே ஆற்றின் மேற்பகுதியில் காசல்ரீ நீர்த்தேக்கமும், விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய மின்னிலையமும் அமைந்தன. 1969இல் மஸ்கெலி ஓயாவில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் உருவாயிற்று. இவ்விரண்டு ஓயாக்களும் கூடியே களனி கங்கை ஆகின்றன. ஆறு தேங்கிய இடத்தில் ஆழம் பிறந்தது. ஆழம் பிறந்த இடத்தில் மீனைத் தேடும் தொழிலும் பிறந்தது.

இங்குள்ள மாணவரிடம் யான் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "தூண்டிலை நாற்பதடி ஆழத்துக்கு இறக்க வேண்டும், எவ்வாறு இறக்குவாய்?" வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை வரும்: "ஈயக்குண்டு கட்டுவோம், ஐயா." நின்ற தோணியில் இவ்விடை சரியே. குண்டு நேரே கீழ் இறங்கும். விட்ட நூலின் அளவே ஆழத்தின் அளவு. ஆனால் தோணி ஓடிக்கொண்டிருந்தால்? அங்கேதான் ஓர் அரிய நுட்பம் தொடங்குகின்றது.

ஓடும் படகின் பின்னே, மீன்போல் மினுங்கும் போலி இரையை நெடுநூலில் இழுத்துச் செல்லும் தூண்டில்முறை உலகெங்கும் உண்டு. இதனை இழுவைத் தூண்டில் எனலாம். இரை நகர்ந்தாலன்றித் துரத்தாத மீனினங்களுக்கு இதுவே ஏற்றது. ஆயின் படகு ஓடத் தொடங்கியதும் நீர் நூலையும் குண்டையும் பின்னுக்குத் தள்ளுகின்றது. வேகம் இருமடங்கானால் அத்தள்ளுதல் ஏறத்தாழ நான்மடங்காகும். குண்டின் எடையோ கூடுவதில்லை, அன்றிருந்ததே இன்றும். ஆகவே வேகம் ஏற ஏறக் குண்டு மேலெழும். தூண்டிலும் ஆழம் இழக்கும். எடையை மேன்மேலும் கூட்டுவது ஒரு வழி. வட அமெரிக்காவிற் சிலர் பத்து இறாத்தல் அளவிலான குண்டினை உலோகக் கயிற்றிற் கட்டித் தனிச் சகடையால் இறக்குகின்றனர். அதற்கு வலிய படகும் பெருஞ்செலவும் வேண்டும்.

மற்றொரு வழி எடையை நம்பாதது, சாய்வை நம்புவது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அந்நகர் ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ளது. ஏரியில் மீன்பிடிக்கச் செல்லும் வழக்கமுடைய அவர், உள்ளங்கை அகலமுள்ள வட்டமான பிளாஸ்டிக் தட்டொன்றை என் மேசைமேல் வைத்தார். கடைகளில் 'டிப்ஸி டைவர்' என்னும் பெயரில் விற்கும் வகை அது. "ஐயா, இதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்லலாம்?" என்று வினவினார். பொருளின் தொழில் அறியாமல் பெயர் இடுதல் தகாது. "முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லும், பெயரைப் பின்னர்ப் பார்ப்போம்" என்றேன்.

அவர் சொன்னவற்றைக் கேட்டபோது, இது நம்மவர் நன்கறிந்த பொருளொன்றின் தலைகீழ் வடிவம் என்பது புலனாயிற்று. அது பட்டம். தைப்பொங்கற் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானை நிறைக்கும் பட்டங்களை எண்ணிப் பாருங்கள். பட்டம் காற்றுக்கு நேரே நிமிர்ந்தும் நிற்பதில்லை, படுத்தும் கிடப்பதில்லை. முச்சைக் கயிறு அதனைச் சாய்த்து நிறுத்துகின்றது. காற்று அதன் அடிப்புறத்தைத் தாக்கி மேலே தள்ளுகின்றது. காற்றில்லாத நாளிற் சிறுவன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் பட்டம் எழும். இனி இக்காட்சியைத் தலைகீழாக்குங்கள். காற்றுக்கு ஈடாக நீர். ஓடும் சிறுவனுக்கு ஈடாகப் படகு. தட்டின் முன்விளிம்பு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். எதிர்வரும் நீர் அதன் மேற்புறத்தைத் தாக்கிக் கீழே தள்ளும். தட்டு நூலை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் பறக்கும். இதனால் யான் அதற்கு 'ஆழ்பலகை' என்று பெயரிட்டேன்.

இதிற் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. படகின் வேகம் கூடினால் நூலைப் பின்தள்ளும் விசை நான்மடங்காகும் என்றோம். ஆழ்பலகையைக் கீழ்தள்ளும் விசையும் அதே நீரோட்டத்தாற் பிறப்பதால், அதுவும் நான்மடங்காகும். இரண்டும் ஒருங்கே வளர்வதால் நூலின் சரிவு பெரிதும் மாறுவதில்லை. ஆழமும் பெரிதும் மாறுவதில்லை. குண்டு வேகத்தோடு போரிட்டுத் தோற்கின்றது. பலகையோ வேகத்தையே தன் வலிமையாக்கிக் கொள்கின்றது.

ஆழத்தை அளக்கும் முறையும் எளிதே. இரண்டடி முதல் மூன்றடி வரை நூல் விட்டால் ஓரடி ஆழம் கிடைக்கும் என்பது பழகியோர் கொள்ளும் தோராயக் கணக்கு. நம் மீனவர் நூலைப் பாகத்தால் அளப்பர். இரு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. இருபது பாகம் நூல் விட்டால் 120 அடி. தட்டு நிற்கும் ஆழம் 40 முதல் 60 அடி. கணிதம் பயிலும் மாணவர், இரண்டுக்கு ஒன்று என்னும் அளவு 30 பாகைச் சரிவைக் குறிக்கும் என்பதை உடனே உணர்வர். ஆனால் நூல் நீருள் நேர்கோடாக நிற்பதில்லை. பட்டத்தின் நூல் தொய்வதுபோல இதுவும் வளையும். ஆதலின் நூலை மேலும் மேலும் விடுந்தோறும் கிடைக்கும் ஆழம் குறைந்துகொண்டே வரும். தடித்த தங்கூசி நீரை மிகுதியாகத் தடுக்கும். மெல்லிய பின்னல்நூல் குறைவாகத் தடுக்கும். ஒரே நீளம் விட்டாலும் மெல்லிய நூலில் தட்டு ஆழ்ந்து செல்வது இதனாலேயே. கணக்கைச் சோதிப்பதற்கும் வழியுண்டு. ஆழம் தெரிந்த மேட்டின்மேற் படகைச் செலுத்தி, தட்டு தரையைத் தொடும்போது விட்டிருக்கும் நூலைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

தட்டின் அடியில் ஒரு சிறு சுழல்வட்டம் உண்டு. அதனை நடுவில் வைத்தால் தட்டு நேரே ஆழும். இடமாகவோ வலமாகவோ திருப்பினால், ஒருபுறம் எடை சாய்ந்து, தட்டு படகின் வழியைவிட்டு அப்பக்கமாக விலகிக்கொண்டே ஆழும். இதனால் ஒரே படகில் இருபுறமும் நூல் விட்டாலும் சிக்குவதில்லை. ஆனால் பக்கவாட்டிற் செல்லும் அளவுக்கு ஆழம் குறையும். ஒரே விசையை இரு வழிகளிற் பங்கிட்டால் இரண்டும் முழுமையாகக் கிடையா. சுழல்வட்டத்தை மிகுதியாகத் திருப்புவோர் அதற்கேற்ப நூலையும் கூட்டி விடுகின்றனர்.

மீன் கவ்வியபின் என்ன ஆகும்? சாய்ந்த தட்டோடு மீனையும் சேர்த்து இழுப்பது பெரும்பாடு. அதற்கும் வழி செய்திருக்கின்றனர். நூலைத் தாங்கும் சிறு கொக்கி அளவான இறுக்கத்தில் தட்டோடு பொருந்தியிருக்கும். பின்னாலிருந்து மீன் வெட்டியிழுத்தால் கொக்கி விடுபடும். தட்டு தன் சாய்வை இழந்து நூலின் போக்கிலேயே படுத்துவிடும். முச்சை அறுந்த பட்டம் வானில் நிற்காதது போலவே, சாய்விழந்த பலகையும் ஆழத்தில் நில்லாது மேலெழும். கொக்கியின் இறுக்கம் மிகுந்தால் சிறுமீன் கவ்வியது தெரியாது. வீணே இழுத்துத் திரிய நேரும். குறைந்தால் அலையின் உலுக்கலுக்கே விடுபட்டுவிடும். தட்டுக்கும் இரைக்கும் இடைப்பட்ட நூல், கைக்கோலின் நீளத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். மிக நீண்டால் மீனைப் படகருகே கொணர்ந்து வலையில் ஏந்த இயலாது.

இத்துணை நுட்பம் எதற்கு என்று வாசகர் வினவலாம். ஏரியின் நீர் ஒரே தன்மையதன்று என்பதே விடை. கோடையில் மேல்நீர் வெப்பமுற்று இலேசாகி மிதக்கும். குளிர்நீர் கனத்து அடியில் தங்கும். நீர் மிகக் கனமாயிருப்பது 4 பாகை வெப்பத்தில். மேல்நீருக்கும் அடிநீருக்கும் இடையே, சில அடிகளுக்குள்ளேயே வெப்பம் சட்டென மாறும் படலம் ஒன்று அமையும். தனக்கு ஏற்ற வெப்பம் உள்ள படலத்திலேயே மீன் நிற்கும். சமன் மீன்கள் ஏறத்தாழ 12 பாகை நீரை நாடுவன. மேலே பத்தடி தவறினாலும் கீழே பத்தடி தவறினாலும் இரை காலியான தெருவிற் கூவி விற்பவன் நிலையை அடையும். 1966இல் மிச்சிகன் ஏரியிற் கோகோ சமன் குஞ்சுகள் விடப்பட்டன. பின்னர் ஒன்ராறியோ ஏரியிலும் சமன் பெருகிற்று. அம்மீனைத் தேடிய சிறுபடகினர்க்குக் குறைந்த செலவில் ஆழம் தந்த கருவியாக ஆழ்பலகை பரவியது. இதன் தத்துவம் அதனினும் பழையது. முதலாம் உலகப்போரில் ஆங்கிலக் கடற்படையினரான பர்னி என்பார் ஆக்கிய 'பாராவேன்' என்னும் நீர்ப்பட்டம், கப்பலின் முகப்பிலிருந்து கயிற்றைப் பக்கவாட்டில் விரித்துச் சென்று, கடற்கண்ணிகளின் பிணிப்பை அறுத்தது. உயிர்காக்க எழுந்ததும் ஒரு சாய்பலகையே.

"இதனைக் காசல்ரீயில் இட்டுப் பார்க்கலாமா, ஐயா?" என்று இன்றைய மாணவர் கேட்கின்றனர். கேள்வி நன்று, விடை ஆராய்ந்து சொல்லத்தக்கது. நம் நாட்டு நீர்த்தேக்கங்களில் மிகுதியாக அகப்படுவன 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியாவும் கெண்டையினங்களும் ஆகும். இவை பெரும்பாலும் பாசியும் அடிமண்டியும் மேய்வன. மினுங்கும் இரையைத் துரத்துவன அல்ல. எனவே நம் மீனவர் செவுள்வலையை நம்புவது அறியாமையன்று. மீனின் இயல்பறிந்த தேர்வு. ஆழ்பலகை வேட்டைமீனுக்குரிய கருவி. மேய்ச்சல்மீன் முன் அது வாளாவிருக்கும்.

மற்றொன்றும் உண்டு. ஒன்ராறியோ போன்ற பேரேரியின் நீர்மட்டம் மெல்லவே மாறும். நம் நீர்த்தேக்கங்களோ மின்னாக்கத்துக்காக நீர் திறக்கப்படுவன. மழையாலும் வறட்சியாலும் ஏறி இறங்குவன. ஆழ்பலகை அளப்பது மேற்பரப்பிலிருந்து கீழே. அது அடித்தரையை அறியாது. நிறைநீரிற் பழுதின்றிச் செல்லும் 40 அடி, வறட்சியிற் கட்டையிலும் கல்லிலும் சிக்கும். மவுஸ்ஸாக்கலையின் அடியில் கட்டையும் கல்லும் மட்டுமா கிடக்கின்றன? பழைய மஸ்கெலியா நகரே கிடக்கின்றது. வறட்சி மிக்க ஆண்டுகளில் நீர் வற்றும்போது, பழைய கோயிலின் எச்சமும் விகாரையின் எச்சமும் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. மக்கள் திரண்டு சென்று காண்கின்றனர். முதியோர் தம் பழைய தெரு இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டுகின்றனர். அங்கே தூண்டில் எறிபவன், தன் முள் எதனைக் கொளுவக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தே எறிதல் வேண்டும்.

ஆகவே என் மாணவர்க்கு யான் கூறுவது இது. கருவியை வாங்குவதற்கு முன் நீரை அறிக. எந்த மீன், எந்தக் காலத்தில், எந்த வெப்பத்தில் நிற்கின்றது என்பதைத் தோணிக்காரரிடம் கேட்டறிக. அவர் நூலிற் படிக்காததை நீரிற் படித்தவர். நூலை அளந்து விடுக. தரையின் மேடுபள்ளத்தைக் குறித்து வைத்துக்கொள்க. இவ்வளவும் செய்தபின் ஆழ்பலகை தேவையில்லை என்று தெரிந்தாலும் இழப்பொன்றுமில்லை. சாய்ந்த தளத்தின்மேல் ஓடும் நீர் என்ன செய்யும் என்பது விளங்கிவிட்டால், பட்டமும் பாய்மரமும் வானூர்தியின் சிறகும் ஒரே பாடத்தின் வேறு வேறு பக்கங்களாகத் தோன்றும். காசல்ரீயில் நீர்விமானம் வந்திறங்கியதுண்டு. அதனைக் கரையில் நின்று கண்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, அதன் சிறகைத் தாங்கிய விதியும் தட்டை ஆழ்த்தும் விதியும் ஒன்றே என்று எடுத்துக்காட்டத் தமிழ்ச் சொற்கள் போதும். ஒரு காகிதப் பட்டமும் ஓரடி நூலும் உடனிருந்தால் இன்னும் நன்று.