யூரியாவும் வயிற்றுப் புண்ணும்

தஞ்சை டெல்டா ஊர்களில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் சிலருக்கு மேல்வயிற்றில் நெடுக்காக ஒரு தழும்பு இருக்கும். அல்சருக்கு அறுத்த தழும்பு. அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பார்கள். தென்னிந்தியாவில் அன்று பரவலாக நடந்த அறுவை அது. சோறு உண்ணும் தெற்கில் முன்சிறுகுடல் புண் அதிகம், கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவு என்று 1960களில் ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா எழுதினார். மென்று தின்னும் ரொட்டியில் எச்சில் நன்றாகக் கலக்கிறது, சோற்றில் அவ்வளவு கலப்பதில்லை என்பது அவர் விளக்கம். காரத்தின் மீதும் கவலையின் மீதும்கூடப் பழி விழுந்தது.

பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஒரு கிருமி. அதைப் பிடிக்க உதவியது எண்டோஸ்கோப். கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்த முடியும் என்று 1954-ல் லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் காட்டினார்கள். 1957-ல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அதை வளையும் குழாயாக்கி, முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். அப்படிப்பட்ட குழாய் வழியே கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகளில்தான், 1980களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை அடையாளம் கண்டார்கள். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அத்தனை அமிலத்தில் இந்தக் கிருமி பிழைப்பது யூரியாவால். இரைப்பை நீரில் சிறிதளவு யூரியா உண்டு. கிருமி தன் யூரியேஸ் நொதியால் அதை அம்மோனியாவாக உடைத்து, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. நெல் வயலில் வீசும் யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் உடைப்பதும் இதே நொதியால்தான். பரிசோதனையும் இதை வைத்தே: துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைக்கிறார்கள். கிருமி இருந்தால் ஜெல் இளஞ்சிவப்பாக மாறும். பிறகு பெரும்பாலும் இரண்டு வார மாத்திரை போதும், கத்தி வேண்டாம்.

ஆனாலும் ‘குழாய் விட்டுப் பார்ப்பது’ என்றாலே நம்மவர்களுக்குப் பயம். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே. இடப்பக்கமாகப் படுக்க வேண்டும். சுண்டுவிரல் பருமனுக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் வரை போய்த் திரும்பப் பத்து நிமிடம்கூட ஆகாது. குமட்டும், ஆனால் மூச்சு அடைக்காது. துணுக்கைக் கிள்ளும்போது வலிக்காது. பெருங்குடலைப் பார்ப்பது கொலோனோஸ்கோபி. அதற்கு முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ‘கேஸ் மாத்திரை’தான். அது எரிச்சலை அடக்கிவிடும். இரைப்பைப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளையும் மறைத்துவிடக்கூடும். கிருமிச் சோதனையையும் பொய்யாக்கும். அதனால் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டு அதை நிறுத்த வேண்டும். நடவு, அறுப்பு வேலைக்குப் பின் உடம்புவலிக்குப் போடும் மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். மலம் தார்போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.